சென்னைப் புறநகரில் ஓராண்டு கலை பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தாம்பரத்திலோ ஆவடியிலோ குன்றத்தூரிலோ புதிதாகக் குடியேறியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. கடை இருக்கிறது, பள்ளி இருக்கிறது, ரயில் இருக்கிறது. பார்க்கத்தான் ஒன்றும் இல்லை, ஒரு கச்சேரிக்குக்கூட மயிலாப்பூருக்கு ஓட வேண்டியிருக்கிறது என்பார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. சென்னையைச் சுற்றியுள்ள ஊர்கள் புறநகர் ஆவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே ஊர்களாக இருந்தவை. கோயில், ஏரி, அம்மன் திடல், திருவிழா எல்லாம் அடுக்குமாடி வருவதற்கு முன்பே அங்கே இருந்தன, இன்றும் இருக்கின்றன. நகரத்துச் சபா தன் நிகழ்ச்சியைப் பத்திரிகையில் விளம்பரம் செய்கிறது. புறநகர் தன் நிகழ்ச்சியைச் சுவரில் ஒட்டுகிறது. அந்தச் சுவரை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டால் ஆண்டில் எந்த மாதமும் வெறுமையாகப் போகாது.

முதல் படி: தமிழ் மாதக் காலண்டரைக் கையில் எடுங்கள்

ஆங்கிலத் தேதியை வைத்துத் தேடினால் புறநகர்க் கலை உங்கள் கண்ணில் படாது. வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். அதில் தமிழ் மாதமும் நட்சத்திரமும் திதியும் இருக்கும்.

தை மாதம் பொங்கலோடு தொடங்கும். 2007இல் ஆரம்பித்து இடையில் நின்றுபோன சென்னை சங்கமம் 2023 முதல் மறுபடியும் பொங்கலை ஒட்டி நடக்கிறது. பறை, கரகம், ஒயில், தேவராட்டம், தோற்பாவை என்று தமிழகத்தின் பல மாவட்டக் கலைஞர்களை ஒரே வாரத்தில் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. மார்கழிக் கடைசியிலோ தையிலோ வரும் புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமி தியாகராஜ சுவாமிகளின் ஆராதனை நாள். அன்றும் அதை ஒட்டிய ஞாயிறுகளிலும் புறநகர்க் கோயில்களிலும் சபாக்களிலும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கூடிப் பாடுவார்கள். தெரிந்தவர்கள் தயங்காமல் வரிசையில் உட்கார்ந்து பாடலாம்.

மாசியில் மகா சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை. வேடமிட்டவர்கள் பம்பை முழக்கத்தோடு மயானம் வரை போவார்கள். சிறு குழந்தைகள் பயந்துவிடக்கூடும். அதை யோசித்து அழைத்துப் போங்கள். பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து, அதாவது மகாபாரதக் கதையை ஆடும் தெருக்கூத்து. இந்த வழிகாட்டியில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன், காரணம் கீழே இருக்கிறது. ராம நவமியை ஒட்டி நங்கநல்லூர் போன்ற இடங்களில் தொடர் கச்சேரிகளும் உபந்நியாசங்களும் நடக்கும். வைகாசிப் பூசம் சேக்கிழார் குருபூசை. அவர் பிறந்த ஊர் குன்றத்தூர். அங்கே அவர் எழுப்பிய திருநாகேச்சுரம் சிவன் கோயிலில் பெரியபுராணத்தை ஓதக் கேட்பது தனி அனுபவம்.

ஆடியில் தெருவுக்குத் தெரு கூழ் வார்ப்பார்கள். பம்பை, உடுக்கை, கைச்சிலம்போடு அம்மனை வர்ணித்துப் பாடுபவர்கள் வருவார்கள். ஒலிபெருக்கியில் ஓடும் பதிவுப் பாட்டை வைத்து ஆடி மாதத்தை எடை போடாதீர்கள். கரகம் ஜோடிக்கும் இடத்துக்கு அருகே போய் நின்று அந்தப் பாட்டை நேரில் கேளுங்கள். ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி மேடைகள். அவற்றில் பெரும்பாலும் திரைப்பாட்டுக் கச்சேரிதான். புரட்டாசியில் நவராத்திரி. உள்ளூரில் புதிதாக மேடையேறும் பிள்ளைகள் பாடுவதும் ஆடுவதும் இந்தக் கொலு மண்டபங்களில்தான். ஐப்பசியில் கந்தசஷ்டி. முருகன் திருச்செந்தூரில் கடலிலும் திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும் திருப்போரூரில் விண்ணிலும் அசுரரோடு போரிட்டதாக ஐதீகம். அந்தத் திருப்போரூர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சூரசம்ஹாரத்தை வழிபாடாகப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும்; ஊரே நடிக்கும் நாடகமாகவும் அதைப் பார்க்கலாம். கார்த்திகை மழை மாதம். மார்கழி வந்துவிட்டால் விடியற்காலையில் வீதி பஜனை, மாலையில் சபா.

இரண்டாம் படி: நோட்டீஸ் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

புறநகர்க் கலைச் செய்தியின் முதன்மை ஆவணம் கோயில் நோட்டீஸ்தான். மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புத் தாள், மேலே அம்மன் படம், அதன் கீழ் தர்மகர்த்தாவும் விழாக் குழுவினரும், பிறகு நீண்ட உபயதாரர் பட்டியல். அவசரத்தில் பார்ப்பவர்களுக்கு வெறும் பெயர்களாகத் தோன்றும். நீங்கள் பார்க்க வேண்டியது நடுவில் நாள்வாரியாக வரும் பொடி எழுத்துப் பகுதி. காலை அபிஷேகம், மாலை வீதி உலா என்று போய்க்கொண்டிருக்கும் வரிசையில், இரவு என்று போட்டு ஒரு வரி இருக்கும். அந்த வரியில்தான் கலை இருக்கிறது.

அந்த வரியில் வரும் சொற்களுக்குப் பொருள் தெரிய வேண்டும். "இன்னிசைக் கச்சேரி" என்றால் பெரும்பாலும் மெல்லிசைக் குழு, திரைப்பாட்டு. "பக்தி இன்னிசை" என்றால் அதே குழு சாமிப் பாட்டோடு வருகிறது. "மங்கள இசை" என்றால் நாதஸ்வரம், தவில். நல்ல வித்துவான் வந்திருந்தால் சுவாமி புறப்பாட்டுக்கென்றே உள்ள மல்லாரி இசையைக் கேட்கலாம், அதை விட்டுவிடக் கூடாது. "நாடகம்" என்று மட்டும் போட்டு, பாரதக் கதைப் பெயர் ஒன்றும் ஒரு நாடக மன்றத்தின் பெயரும் இருந்தால் அது கூத்து. சபா நாடகம் என்று நினைத்துக் கடந்துபோய் நல்ல கூத்தைத் தவறவிட்டவர்கள் பலர்.

நோட்டீஸை எங்கே தேடுவது? ரயில் நிலையச் சுரங்கப்பாதை வாசல், டீக்கடைத் தட்டி, பூக்கடை, மளிகைக் கடைக் கல்லா, மின்கம்பம். பார்த்தவுடன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் அதன்மேல் வேறு தாள் ஒட்டிவிடுவார்கள். கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் கேட்டால் எந்த நாள் எந்த விசேஷம், போன வருஷம் யார் பாடினார்கள் என்பது வரை சொல்லிவிடுவார். எல்லாக் கோயிலையும் கவனிக்க முடியாது. வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் ஒரு பெருமாள் அல்லது சிவன் கோயில், ஒரு முருகன் கோயில், இரண்டு அம்மன் கோயில், ஒரு கிளை நூலகம் என்று வைத்துக்கொண்டு அவற்றை மட்டும் தொடர்ந்து கவனியுங்கள். நூலகத்தைச் சேர்த்ததற்குக் காரணம், வாசகர் வட்டக் கூட்டமும் பட்டிமன்றமும் கவியரங்கமும் அங்கேதான் அறிவிக்கப்படும். பல்லாவரத்தில் மறைமலையடிகள் 1911 முதல் வாழ்ந்தார்; 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியதும் அந்த வீட்டில் வாழ்ந்த காலத்தில்தான். இலக்கியத்துக்குப் புறநகர் புதிய இடமில்லை.

மூன்றாம் படி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு நாள்

கூத்துக்குப் போகும் முன் கண்ணைப் பழக்க, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் இடங்களிலிருந்து தொடங்குவது நல்லது. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை ஒரே சாலையில் நான்கு இடங்கள். நான்கையும் ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள்.

முதல் நாள் கலாக்ஷேத்திராவும் சோழமண்டலமும். ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்திரா 1962இல் திருவான்மியூர் மணல்வெளிக்கு வந்தது. வார நாளில் போனால் வகுப்பு நேரத்தில் மரத்தடியில் தாளம் தட்டும் தட்டுக்கழியின் சத்தம் கேட்கும். பார்வையாளர் நேரத்தை முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள். கேரளக் கோயில் நாடக அரங்கான கூத்தம்பலத்தைத் தழுவிய அதன் அரங்கில், டிசம்பர் கடைசியை ஒட்டி வரும் ஆண்டு விழாவில் ஒரு நாட்டிய நாடகமாவது பார்த்துவிடுங்கள்.

அங்கிருந்து தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரது மாணவர்களும் 1966இல் அமைத்தது. நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அவர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள்; அதில் பிழைப்பு நடத்திக்கொண்டு ஓவியத்தைச் சந்தைக்காக வரையாமல் இருந்தார்கள். அருங்காட்சியகத்தில் சுவரை வேகமாகச் சுற்றி வராதீர்கள். பணிக்கரின் "சொற்களும் குறியீடுகளும்" வரிசைப் படம் ஒன்றின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். எழுத்து போல இருக்கும், படிக்க முடியாது. ஜாதகக் கட்டம் போல இருக்கும், பலன் சொல்லாது. தொடர்ந்து பார்க்கப் பார்க்கத்தான் கோடுகள் பிடிபடும்.

இரண்டாம் நாள் முட்டுக்காடு தக்ஷிணசித்ரா, பிறகு மாமல்லபுரம். தக்ஷிணசித்ரா 1996இல் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. தென் மாநிலங்களில் இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பொம்மலாட்டமோ கரகமோ பார்ப்பது, மேடையில் பார்ப்பதைவிட அந்தக் கலைகளுக்கு நெருக்கமானது. அவை முற்றத்துக்கும் தெருவுக்கும் உருவானவை. வண்டலூர்ப் பக்கத்தவர்கள் கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் வந்து சேர்ந்தால் நகருக்குள் நுழையவே வேண்டாம். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ போனால் மாலையில் மாமல்லபுரத்தில் சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழா இருக்கும். கடற்காற்றில் ஒலி சிதறும். முன்வரிசைக்கு அருகே இடம் பிடிக்க வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். அதற்கு முன் ஊருக்குள் சிற்பக்கூடங்களில் உளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு நடை. அரசுச் சிற்பக் கல்லூரி 1957 முதல் அங்கே இருக்கிறது.

நான்காம் படி: உள்ளூர்ச் சபாவில் உறுப்பினராகுங்கள்

மார்கழி சீசனின் வேர் 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டோடு சென்னையில் நடந்த இசை மாநாடு. அதிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அதைப் பின்பற்றி ஊருக்கு ஊர் சபாக்கள் வந்தன. குரோம்பேட்டை, தாம்பரம், நங்கநல்லூர்ப் பக்கம் மாதம் ஒன்றிரண்டு நிகழ்ச்சி நடத்தும் அமைப்புகள் உண்டு. ஆண்டுச் சந்தா கட்டிவிடுங்கள். பணத்தை மிச்சம் பிடிக்க அல்ல. சந்தா கட்டியவர்களை நம்பித்தான் செயலாளர் அடுத்த மாதக் கச்சேரிக்கு வாக்குக் கொடுக்கிறார்.

கர்நாடக இசை புதிது என்றால் ஒன்று செய்யுங்கள். கச்சேரியில் நீண்ட ஆலாபனையோடு வரும் பிரதான உருப்படி எது என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த ஒரு ராகத்தை மட்டும் அந்த வாரம் முழுவதும் வீட்டில் கேளுங்கள். ஒரு வருடத்தில் பன்னிரண்டு ராகம் காதில் நிற்கும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காபி குடிக்கப் போகும் பழக்கத்தைத் தயவுசெய்து பழகாதீர்கள். மிருதங்கக்காரர் இரண்டு மணி நேரம் மற்றவருக்காக வாசித்துவிட்டுத் தனக்கென்று வாசிக்கும் நேரம் அது.

ஐந்தாம் படி: ஓர் இரவு, பாரதக் கூத்து

புறநகர்வாசிக்கு நகரவாசியைவிட ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. தெருக்கூத்தின் தாயகமான செங்கல்பட்டு, காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரம் அவர் வீட்டிலிருந்து பஸ் தூரத்தில்தான் இருக்கிறது. இதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பல நாள் விழா. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்வார். இரவில் அந்தக் கதைப் பகுதியை ஜமா என்னும் கூத்துக் குழு ஆடும். எல்லா இரவும் போக முடியாதவர்கள் எந்த இரவைத் தேர்ந்தெடுப்பது? முதன்முறை பார்ப்பவர்களுக்குத் திரௌபதி துகிலுரிதல் அல்லது கர்ண மோட்சம் என்பது என் கருத்து. கதை தெரியும், பாத்திரங்கள் குறைவு, உணர்ச்சி நேராக வந்து தாக்கும். அர்ச்சுனன் தபசு இரவென்றால் விடியும் நேரத்தில் முழித்திருக்க வேண்டும். நட்டுவைத்த உயரமான தபசு மரத்தில் அர்ச்சுன வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் எறிவார். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள்.

புறப்படும் முன் விழாக் குழுவில் ஒருவரிடம் பேசி, ஆட்டம் விடிய விடியவா, நள்ளிரவோடு முடிகிறதா என்று கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழா நாள்களில் குறிப்பிட்ட சில நாள்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். இதனால் சில ஊர்களில் ஆட்டத்தைச் சுருக்கிவிடுகிறார்கள். ஒரு பாய், ஒரு போர்வை, தண்ணீர், கொசுவத்தி எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப நடு இரவில் வண்டி தேடி அலைய வேண்டாம். செங்கல்பட்டுத் தடத்தில் விடிவதற்கு முன்பே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிடும், அதுவரை உட்கார்ந்திருப்பதே உசிதம்.

சீக்கிரம் போய், அனுமதி கேட்டு, வேடம் கட்டும் இடத்துக்குப் போங்கள். முகத்துக்கு அரிதாரம் பூசி, கோடு எழுதி, கால் சலங்கையை இறுக்கிக் கட்டி, கடைசியாகக் கட்டை ஏறும். கிரீடமும் மார்புப் பதக்கமும் புஜகீர்த்தியும் மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டியவை. கட்டைக்கூத்து என்ற பெயருக்கு அதுவே காரணம். ஒரு துரியோதனன் அந்தக் கனத்தோடு இரவு முழுவதும் பாடி ஆடிக் கிறுகிறுவென்று சுற்றுவார். வேடம் முடியும் நேரத்தில் வெளியே சிறு நாதஸ்வரம் போன்ற முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியமும் சேர்ந்து களரி கட்டும். அது கேட்டதும் வந்து உங்கள் பாயில் உட்கார்ந்துவிடுங்கள். கட்டியங்காரன் வருவான், வம்பளப்பான், உள்ளூர்ச் செய்தியைக் கதைக்குள் இழுப்பான். பெரிய வேடம் உடனே முகம் காட்டாது. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று தன்னைப் பற்றித் தானே பாடும். கிரீடத்தின் நுனியும் காலசைவும் மட்டும் தெரியும். திரை விலகும் அந்தக் கணத்துக்காகத்தான் ஊர் காத்திருக்கிறது.

படம் எடுக்கலாம், ஆனால் ஃபிளாஷ் கூடாது. திரைக்குப் பின்னால் போய் நின்று எடுப்பதும் கூடாது. துகிலுரியும் கட்டத்தில் பெண்கள் சிலருக்கு ஆவேசம் வரும், அதை ஒருபோதும் படம் பிடிக்காதீர்கள். விழாவின் கடைசி நாள் காலையில் படுகளம். தரையில் மண்ணால் பிரம்மாண்டமாகத் துரியோதனன் உருவம் செய்து கிடத்தியிருப்பார்கள். பீமன் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிவாள், மாலையில் தீமிதி. ஒரே ஒரு நாள்தான் வர முடியும் என்பவர்களுக்கு நான் சொல்வது இந்த நாளைத்தான்.

கோயில் விழா ஒத்துவராதவர்களுக்குக் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் முன்னின்று 1990இல் தொடங்கியது. பெண்களும் கட்டை கட்டி ஆடலாம் என்று பயிற்றுவித்துக் காட்டிய இடம் அது. நிகழ்ச்சி இருக்கும்போது விசாரித்துக்கொண்டு போகலாம்.

ஆறாம் படி: பிள்ளைகளைச் சேர்த்துவிடுதல்

தனியார் வகுப்புக்கு முன், கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வார இறுதியில் பாட்டு, பரதம், ஓவியம் போன்றவற்றை மிகக் குறைந்த கட்டணத்தில் சொல்லித்தருகிறார்கள். கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கு, 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் டீப்வுட்ஸ் போன்ற கலைவிழாக்களே போதும்.

ஏழாம் படி: உங்கள் குடியிருப்பில் ஒரு நிகழ்ச்சி

ஓராண்டு பார்த்தபின் இதைச் செய்யுங்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் ஆண்டு விழாவுக்கு மெல்லிசைக் குழுவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல கூத்து ஜமாவையோ பறைக் குழுவையோ அழைக்கலாம். நோட்டீஸில் இருக்கும் நாடக மன்றப் பெயரை வைத்து விசாரித்தால் வாத்தியாரைப் பிடித்துவிடலாம்.

அவரிடம் முதலிலேயே பேசி முடிக்க வேண்டியவை: எந்தக் கதை, எத்தனை மணி நேரம், எத்தனை பேர் வருவார்கள், வேன் செலவு யாருடையது, முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது. இரண்டு மணி நேர ஆட்டமாகக் கேட்டால் எதை வெட்டுவது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். மேடையைவிட மூன்று பக்கமும் ஆள் உட்காரக்கூடிய தரை நல்லது. வேடம் கட்ட வெளிச்சமும் கண்ணாடியும் மின்விசிறியும் உள்ள அறை, பெண் கலைஞர்களுக்குத் தனி அறை, எண்ணெய் தேய்த்து அரிதாரம் கழுவத் தண்ணீர் வசதி, எல்லோருக்கும் சாப்பாடு. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். 10 மணிக்குள் முடியும்படி 7 மணிக்கே தொடங்குங்கள். தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று மாலையை இழுத்தால் வெட்டுப்படுவது ஆட்டம்தான். ஆகவே உரைகள் ஏதும் வேண்டாம் என்று சங்கக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள்.

தேதி குறிக்கும்போது பங்குனி முதல் ஆடி வரை கேட்காதீர்கள். நல்ல ஜமாக்களுக்கு அப்போது ஓய்வே இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளி விழாக்கள் நின்றுவிடும், கலைஞர்களுக்கு வருமானமும் நின்றுவிடும். உங்கள் குடியிருப்பில் கூரை போட்ட மண்டபமோ வாகன நிறுத்துமிடமோ இருந்தால் அந்த இரண்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் குறித்துக்கொண்டு, ஆவணியிலேயே முன்பணம் கொடுத்துவிடுங்கள்.